சந்தனம் பூசிய இழைப்புளி

“பேனா புடிச்ச கை எங்கேம்மா இழைப்புளி தள்ளப் போவுது? உனக்கு எதுக்கு அதெல்லாம்?”

கோவிந்தன் மாமா இப்படிக் கேட்டபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் அன்று காலைதான் நடந்தது. மண்ணச்சநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற மாமாவின் சைக்கிளில் அப்பாவின் கருவிப்பை ஏற்கெனவே ஏறியிருந்தது. அவர் எனக்குச் சொந்தத் தாய்மாமா இல்லை. அப்பா ரம்பம் இழுத்த காலமெல்லாம் மறுமுனையைப் பிடித்த கூட்டாளி. ஒரு தச்சர் போய்விட்டால், வீட்டில் தொழில் செய்ய ஆள் இல்லையென்றால், கருவிகள் கூட்டாளிக்குப் போகும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கல்லூரி விண்ணப்பத்தோடு நின்ற பெண்ணை அன்று யாரும் அந்த ‘ஆள்’ கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா தன் பெயரை எழுத மாட்டார், வரைவார். தச்சுப் பென்சிலைத் தட்டையாகச் சீவி, ஒவ்வோர் எழுத்தையும் பலகையில் அளவு குறிப்பதுபோல் இழுத்து வைப்பார். அவர் மகள் துவாக்குடிப் பக்கம் இயந்திரவியல் படித்து, கோயம்புத்தூரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் கணினியில் நாற்காலிக்கால் வரைந்துகொண்டிருந்தாள். அந்த மகள் இந்த ஐப்பசியில், ஆயுத பூஜை முடிந்த ஏழெட்டு நாளில், அப்பாவின் இழைப்புளியைக் கேட்டு வாங்குவதற்காகத் திருச்சிக்குப் புறப்பட்டாள்.

காலை ஐந்தரை, சிங்காநல்லூர். கரூர் வழியாகப் போகும் அரசுப் பேருந்து. டிக்கெட் நூற்றுத் தொண்ணூறு ரூபாய். காங்கேயம் தாண்டி வெள்ளகோவிலில் ஓர் அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மஞ்சள் சேலை, மடியில் வேப்பிலைக் கட்டு. சமயபுரம் போகிறாராம்.

“நீங்க எங்கீங்க போறீங்க? திருச்சியில படிக்கறீங்களா?”

“படிச்சு முடிச்சாச்சுங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு இழைப்புளி இருக்கு. அதை வாங்கிட்டு வரப் போறேன்.”

“இழைப்புளிங்களா? அது கோயமுத்தூர்க் கடையில கெடைக்கிறதில்லீங்களா?”

“இது எங்கப்பாவோடதுங்க.”

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “தருவாங்களா?”

“தெரியலைங்க.”

“அப்ப ஆத்தாகிட்ட உனக்கும் சேத்து வேண்டிக்கறேன் கண்ணு,” என்று வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏன் அந்த ஒன்றேதான் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. படிப்பவர்கள் கேட்பார்கள். மண்ணச்சநல்லூரில் எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அமலி டீச்சர், தரையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளைகளுக்குச் சாய்மேசைகள் செய்துதரச் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்பா செய்து தந்ததே அப்படி ஒரு மேசைதான். அதில்தான் எழுதிப் படித்தேன். தொழிற்சாலையில் இயந்திரம் சீவும் பலகையைப் பார்க்கத் தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளங்கையை ஓட்டினால் மணலில் காற்று போட்ட வரிபோல ஒரு நெளிவு தெரியும். ஒற்றைத் தாளை வைத்து எழுதினால் பென்சில் அதில் தடுக்கும். அப்பா உப்புத்தாளை நம்ப மாட்டார், “அது மரத்தோட கண்ண மூடிரும்” என்பார். இழைத்து முடித்ததும் ஒரு துணுக்குப் பஞ்சைப் பலகைமேல் இழுத்துப் பார்ப்பார். ஓர் இழை சிக்கினாலும் மறுபடி இழைப்பு. நான் கீழே உட்கார்ந்து, சுருள் சுருளாக விழும் சீவலைக் காதில் மாட்டிக்கொள்வேன். அந்த மேசையை மறுபடி செய்ய அந்த இழைப்புளியின் அலகு வேண்டும். அப்பா தேர்ந்தெடுத்து, தீட்டித் தீட்டிப் பாதியாய்த் தேய்த்த இரும்பு அது.

எட்டே முக்காலுக்குக் கரூர். அங்கிருந்து திருச்சிக்கு எண்பது கிலோமீட்டர். குளித்தலை தாண்டியதும் இடப்பக்கம் காவிரி வந்து சேர்ந்துகொண்டது. இந்த வருடம் கரை தொட்டு ஓடியது. வாழைத்தோட்டங்கள் இடையிடையே ஆற்றை மறைத்தன. முக்கொம்பு அணை வந்ததும், எப்போதும்போல, வண்டியில் பாதிப் பேர் இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார்கள்.

பத்தேமுக்காலுக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது என்ற யோசனையோடு முதலில் மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய கடை வீதிக்கு நடந்தேன். துணிக்கடைகளின் கூச்சலைக் கடந்து ஒரு சந்தில் இரும்புச் சாமான் கடை. உளி, அரம், சுத்தியல் எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கல்லாவில் இருந்த பாய் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“வீட்டுக்காரர் வரலையாம்மா? எத்தனை இஞ்ச்னு சொல்லி அனுப்பிச்சாரு?”

“எனக்குத்தான் பாய். முக்கால் இஞ்ச் உளி. காட்டுங்க.”

“உங்களுக்கா?” என்றவர், மூன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு, அலகின் முதுகைக் கல்லில் வைத்துப் பார்த்து இரண்டைத் தள்ளினேன்.

“மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கற மாதிரியில்ல பாக்கறீங்க!”

“அதைவிட இது முக்கியம் பாய். கையை வெட்டிரும்.”

சிரித்துக்கொண்டே இருபது ரூபாய் குறைத்தார். உளி இருநூறு. மர இழைப்புளிக்குப் போடும் அலகு கேட்டேன். புதிதாக இரண்டு காட்டினார். நகத்தில் வைத்துப் பார்த்தேன். மோசமில்லை. ஆனாலும் வாங்கவில்லை. அதை வாங்கினால் ஸ்ரீரங்கம் போக மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பேருந்து. பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் கிழித்துத் தந்த சீட்டை உளியோடு பையில் வைத்தேன். காவிரிப் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. கீழே அம்மா மண்டபத்துப் படிகளில் பாதியை ஆறு விழுங்கியிருந்தது. பள்ளிக்கூட நாளில் லீவு விட்டால் அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து இந்தப் பக்கம் அழைத்து வருவார். ஸ்ரீரங்கத்து வீடுகளில் கதவு, ஜன்னல் வேலை நிறைய வரும். அவர் வேலை செய்யும் வீட்டின் நடையில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். சீவல் வாசனையும் துளசி வாசனையும் கலந்து வந்தால் எனக்கு இன்றும் பெருக்கல் வாய்ப்பாடு ஞாபகம் வரும்.

பன்னிரண்டரை. அடையவளஞ்சான் வீதியில் மாமா வீட்டுக்குப் பின்னால்தான் அவர் பட்டறை. முன்பு கீற்றுக் கொட்டகையாக இருந்தது இப்போது தகரக்கூரை போட்டு, சீவும் இயந்திரமும் அறுக்கும் இயந்திரமும் இரைந்துகொண்டிருந்தன. வாசலில் கோலத்தைத் தாண்டும் முன்பே ரங்கநாயகி அத்தை பார்த்துவிட்டார். மாமாவின் மனைவி.

“அடடே, கௌசி! வாடி வா. ஏன் இப்படி மெலிஞ்சு கெடக்கறே? ஏங்க, யாரு வந்திருக்கா பாருங்க!”

மாமா தலையெல்லாம் மரத்தூளோடு வந்தார். தூள் எது, நரை எது என்று தெரியவில்லை. “என்னம்மா இஞ்சினியரு, திடீர்னு?” என்று என் தலையில் கைவைத்தார். தலையிலும் தூள் ஒட்டியது. வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுக் கேட்பதுதான் மரியாதை. சாப்பிட்டேன்.

கை கழுவி நிமிர்ந்தபோது சாமி மாடம் எதிரே இருந்தது. ரங்கநாதர் படத்துக்கும் தாயார் படத்துக்கும் நடுவில், சிவப்புப் பட்டுத்துணியில், அப்பாவின் இழைப்புளி. கழுத்தில் கதம்பம். பக்கத்தில் எரியும் நெய்விளக்கு. ஈட்டிமரக் கட்டையின் கறுப்பே தெரியாமல் சந்தனம் அடையடையாக அப்பியிருந்தது. அதன்மேல் இந்த ஆயுத பூஜைக் குங்குமம்.

“பாத்தியா, எப்படி வெச்சிருக்கோம்னு?” என்றார் மாமா. “இது வந்த மறுவாரம் ஒரு மண்டபத்துக்கு நாற்காலி ஆர்டர் வந்துச்சு. அன்னிலேர்ந்து உங்கப்பன் எங்களக் கைவிட்டதில்ல.”

“மாமா, அதைக் கேக்கத்தான் வந்தேன். எனக்கு வேணும். வேலைக்கு.”

அத்தையின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. “சாமி மாடத்துல இருக்கறதை யாராச்சும் கேப்பாங்களாடி?”

மேசை விஷயத்தைச் சொன்னேன். மாமா பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, “புதுசா ரெண்டு வாங்கித் தரேன். கரண்டுல ஓடறதே வாங்கித் தரேன், எடுத்துட்டுப் போ. இதை எடுத்துட்டா இந்தப் பட்டறை என்ன ஆவும்னு யோசிச்சியா? பத்துப் பேரு சாப்புடறான் இங்க,” என்றார்.

அவர் நடிக்கவில்லை. இழைப்புளியைத் தர மறுக்கிற மனிதரிடம் கோபப்படலாம். அப்பாவைக் கும்பிடுகிற மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? “தொட்டுப் பாக்கலாமா?” என்றேன். அத்தை விளக்கைத் தள்ளிவைத்தார்.

கட்டையைத் திருப்பினேன். அலகின் முனை எட்டிப்பார்க்க வேண்டிய வாய் முழுக்கச் சந்தனம் இறுகியிருந்தது. அலகை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு கல்லில் பதித்ததுபோல் அசையவில்லை. சந்தனத்தின் ஈரம் வருடா வருடம் இறங்கி, தெரிந்த இரும்பெல்லாம் துருவேறிக் கிடந்தது. மழையில் நனைந்தால் சட்டையைக் கழற்றி இதைச் சுற்றிக்கொண்டு வருவார் அப்பா. எனக்குக் கண் கலங்கியது. அதே வேகத்தில் கோபமும் வந்தது. கோபத்தில்தான் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும்.

“மாமா, விஜயதசமி அன்னிக்குக் காலையில பட்டறையில என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவாங்க? மறுபூஜை போட்டு மெஷினை ஆன் பண்ணி, ஒரு பலகையைச் சும்மா ஓட்டி எடுப்போம். எல்லாரும் பண்றதுதானே.”

“பூஜைக்கு வெச்ச கருவியை மறுநாள் எடுத்து ஒரு வேலையாச்சும் செய்யணும், இல்லையா?”

“ஆமா. அப்பதான் பூஜை முடிஞ்சதா அர்த்தம்.”

“இதை எந்த வருஷம் எடுத்து ஓட்டினீங்க?”

மாமா மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் அறுக்கும் இயந்திரம் ஒரு பலகையை முடித்து நின்றது. அத்தை முந்திக்கொண்டார்.

“ஐயையோ! அப்ப ஏழு வருஷமா பூஜை முடியவே இல்லையா?”

“அது... சாமியா வெச்சது...”

“சாமியா வெச்சாலும் கருவிதானே! தெனம் வெளக்கேத்தி வெளக்கேத்தி என்னைப் பாவத்துல தள்ளியிருக்கீங்களே! கௌசி அப்பா மாடத்துல உக்காந்துகிட்டு, ‘எப்படா எறக்குவீங்க’ன்னு பாத்துட்டு இருந்திருப்பாரு!” அத்தை கதம்பத்தைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எறக்குங்க. இப்பவே எறக்குங்க.”

மாமா இழைப்புளியை இறக்கிப் பட்டறைக்கு எடுத்துப் போனார், அங்கே எல்லா இயந்திரமும் நின்றது. வேலை செய்தவர்கள் சுற்றி நின்றார்கள். மாமா, கருவிப்பையோடு வந்த அப்பாவின் கொட்டாப்புளியை, கனத்த மரச்சுத்தியலை, எடுத்துக் கட்டையின் பின்முகத்தில் ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. நான் வாங்கி, தட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே மாற்றித் தட்டினேன். ஆப்பு துள்ளிக்கொண்டு வந்தது. கூடவே இறுகிய சந்தனம், வாயின் அச்சு அப்படியே பதிந்த ஒரு கட்டியாக, தரையில் விழுந்து உருண்டது. அத்தை அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அலகைத் துடைத்துப் பார்த்தேன். நுனியில் நெல் அகலத்துக்குத் துரு தின்றிருந்தது. அதற்குப் பின்னால் இரும்பு நல்ல இரும்பாக இருந்தது. உரசினால் போதும். ஆனால் கட்டை? வருடக்கணக்காக ஒரே பக்கம் நெய்விளக்கின் சூடு. வாயோரத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. மாமாவுக்கும் அது தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“நீயே ஓட்டு,” என்றார்.

“நீங்க வெச்ச பூஜை. நீங்கதான் முடிக்கணும்.”

அலகை மேலோட்டமாகத் தீட்டிப் பூட்டிக் கொடுத்தேன். தேக்குப் பலகை ஒன்றை மேசையில் வைத்தார்கள். மாமா செருப்பைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், ஒரே தள்ளாகத் தள்ளினார். கிறீச்சென்று இழுத்து, ஒரு முழம் ஓடி நின்றது. கிழிந்து கிழிந்து ஒரு சீவல் வந்தது. சத்தத்தை வைத்தே விரிசல் விரிந்ததை அறிந்தேன். இனி ஆப்பை இறுக்கினால் கட்டை பிளக்கும். அப்பாவின் கட்டைவிரல் பதிந்து பதிந்து விழுந்த குழியில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் அதில் ஆடியது.

மாமா முகத்தைத் துண்டால் துடைத்தார். வியர்வைக்கு இவ்வளவு நேரம் துடைக்க மாட்டார்கள்.

“கட்டை வேலைக்கு ஆகாது மாமா,” என்றேன். “அலகை மட்டும் கொடுங்க.”

“அலகு இல்லாம வெறுங்கட்டையைக் கும்புடச் சொல்றியா?”

அவர் கேட்டதும் நியாயம்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அத்தை கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “இந்த ஊர்ல பொறந்து வளந்துட்டு இதுக்கு யோசிக்கறீங்களே. பெரிய பெருமாள் எங்கயாச்சும் எழுந்து போறாரா? உள்ளேயே பள்ளிகொண்டிருக்காரு. பொறப்பாடெல்லாம் நம்பெருமாள்தானே போறாரு? மூலவர் இங்கயே இருக்கட்டும். உற்சவர் போயிட்டு வரட்டும்.”

மாமா அவரையே பார்த்தார். பிறகு அலகை உருவி, தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து அதில் சுற்றினார். “ஆயுத பூஜைக்கு இங்க வந்துடணும்,” என்றார்.

“வரும். மறுநாள் காலையிலேயே வேலைக்குத் திரும்பிடும்.”

“பாரு, சட்டம் பேசறா!” என்று அத்தையிடம் சொன்னார். ஆனால் கொடுத்தார். அந்தக் கிழிந்த சீவலை அத்தை கட்டையின் வாயில் அலகு இருந்த இடத்தில் செருகி, மறுபடி மாடத்தில் ஏற்றிவைத்தார். விளக்கை இந்த முறை எட்டத்தில் வைத்தார்.

மாலை நான்கு. சத்திரம் திரும்பி, ஆட்டோ பிடித்து மரக்கடைப் பக்கம் போனேன். ஒரு மர வாடியில், நன்றாகக் காய்ந்த புளியமர வைரத்தில் ஒன்றரை அடிக் கட்டை வேண்டும் என்றேன்.

“கறிக்கடைக்கா? அதுக்கு உருண்டையா இல்ல வாங்குவாங்க!” என்றார் வாடிக்காரர்.

“இழைப்புளி செய்யறதுக்கு.”

“யாரு செய்யறா?”

“நான்தான்.”

நம்பினாரோ இல்லையோ, முந்நூற்றைம்பது ரூபாய்க்கு அறுத்துக் கொடுத்தார். கல்லைத் தூக்குவதுபோல் கனத்தது.

மண்ணச்சநல்லூர் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காவிரி, ஸ்ரீரங்கம், கொள்ளிடம் என்று பாலமும் ஊரும் மாறி மாறி வந்தன. கோயம்புத்தூரில் நான் இருக்கும் இடத்தில் ஆறு கண்ணில் படுவதே இல்லை. அங்கே தொழிற்சாலையில் நாற்காலிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும், அதுதான் அதன் பெருமை. அதை வரையத் தெரிந்ததில் எனக்கும் பெருமை உண்டு. என் படிப்பு எனக்குத் தந்ததில் எதையும் நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. இழைப்புளியின் அலகு எத்தனை பாகை சாய்ந்திருக்க வேண்டும், ஏன் அப்படி என்று அப்பாவுக்குக் கை சொன்னது. எனக்குக் கையும் சொல்லும், கணக்கும் சொல்லும். டோல்கேட் தாண்டி அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனை வந்தபோது, மடியிலிருந்த கட்டையில் பென்சிலால் முதல் கோட்டை இழுத்தேன். வண்டி குலுங்கியதில் கோணலாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அழித்து, நேராகப் போட்டேன்.

இதை எழுதும் இன்று, புளியங்கட்டையில் வாயைத் திறந்தாகிவிட்டது. தொழிற்சாலைக்கு விலகல் கடிதம் நேற்றே போய்விட்டது, இனி வேலை இங்கே வீட்டில்தான். ஆப்பு உட்கார இன்னும் ஒரு நூல் அளவு செதுக்க வேண்டியிருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் அதையும் எடுத்துவிட்டு வந்தேன். அலகு உட்கார்ந்துவிட்டது. அமலி டீச்சரின் முதல் பலகை மேசைமேல் கிடக்கிறது.